பத்தில் ஒன்று வசூலாகியும் பங்குச் சாமியார் ஏழையாக இருந்தது ஏன்?

கொட்டகலை டீச்சர்:
உயர்தர வரலாற்றில் மத்தியகால ஐரோப்பியத் திருச்சபை நடக்கிறது. ஊரெல்லாம் விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுத்தது என்று ஒரு பக்கம். பங்குச் சாமியார் வறுமையில் இருந்தார் என்று மறுபக்கம். அந்தத் தானியம் எங்கே போனது? தோட்டத்தில் சம்பளத்தில் கோயில் சந்தா பிடிக்கிற மாதிரியா என்று ஒரு பிள்ளை கேட்கிறாள்.

பதுளை வாசகர்:
சந்தா ஒரு நிலையான தொகை, டீச்சர். இது பெரும்பாலும் பொருளாகவே வயலில் பிரிக்கப்பட்டது. பத்தாவது கதிர்க்கட்டைக் கோயிலுக்கென்று ஒதுக்காமல் மற்ற ஒன்பதை ஏற்றிப்போனால் வம்புதான். விதைக்கும் கூலிக்கும் கழிவு கிடையாது, மொத்த விளைச்சலில் பத்தில் ஒன்று. வியாபாரி, கைவினைஞருக்கு மட்டும் செலவு போக மிஞ்சிய இலாபத்தில் கணக்கு.

585இல் இன்றைய பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம் கொடுக்காதவரைச் சபைக்குப் புறம்பாக்குவோம் என்றது. 779இல் பிராங்கு அரசர் சார்லமேன் அதை அரச சட்டமாக்கினார். ஆயர், குருக்கள், ஏழைகள், கோயில் கட்டடம் என்று நான்காகப் பிரிப்பது ரோமாபுரியின் பழைய முறை. ஏட்டில் அழகாகத்தான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு விடை வேறு இடத்தில். பிரபுக்கள் ஒரு பங்கின், அதாவது ஓர் ஊர்க் கோயிலின், உரிமையையே துறவு மடத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். அதன்பின் மடம்தான் சட்டப்படி பங்குக்குச் சொந்தக்காரர். தானியம், வைக்கோல் போன்ற பெரிய தசமபாகம் மடத்துக்கு. பூசை வைக்க மடம் அமர்த்தும் விக்கார் என்ற பங்குச் சாமியாருக்கு ஆட்டுக்குட்டி, முட்டை, கோழி, தோட்டக் காய்கறி என்ற சின்னது. சில்லறையாக வருவதால் அதை வசூலிக்கத்தான் அலைச்சல் கூட. சில நாடுகளில் பங்குச் சாமியாருக்குக் கிடைப்பது நான்கில் ஒன்றின் நான்கில் ஒன்று, அதாவது பதினாறில் ஒன்று என்று 1215ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கமே கண்டித்து, அவருக்குப் போதுமான பங்கு ஒதுக்கச் சொன்னது. ஏழைகளின் பங்கைப் பற்றி நீங்கள் கேட்கவே வேண்டாம்!

கொட்டகலை டீச்சர்:
நன்றி சேர். ஆடு பத்துக்குக் குறைவாகக் குட்டி போட்டால்?

பண்டாரவளை வாசகர்:
இங்கிலாந்தின் கான்டர்பரி மாகாணத்தில் இதற்கென்றே விதி இருந்தது. ஆறு குட்டி வரை, குடியானவர் குட்டிக்கு அரைப் பென்னி கொடுப்பார். ஏழு இருந்தால் சாமியார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றரைப் பென்னி திருப்பித் தருவார். எட்டென்றால் ஒரு பென்னி, ஒன்பதென்றால் அரைப் பென்னி. பத்துக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அரைப் பென்னி. பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக் குட்டிகளோடு சேர்த்துப் பத்தாகும்வரை பொறுத்திருக்கலாம். கரும்பலகையில் போட்டால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. குடியானவர் இறந்தால் நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாடு கோயிலுக்கு. உயிரோடிருந்தபோது விடுபட்ட தசமபாகத்துக்கு ஈடு என்பது திருச்சபை சொன்ன நியாயம். ஊர்ச் சண்டைகளில் பாதிக்கு இதுவே காரணம் என்பேன்.

பதுளை வாசகர்:
படம் காட்டப்போகிறீர்கள் என்றால் கவனம், டீச்சர். பெரிய கல் களஞ்சியம் எதைக் கண்டாலும் தசமபாகக் களஞ்சியம் என்று போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல்லில் இருப்பது பியூலி மடம் தன் சொந்தப் பண்ணை விளைச்சலுக்குக் கட்டியது.