கிர்கிஸ்தான் சொங்கோல் ஏரி: மேய்ச்சல் குடும்பங்களோடு தங்க வழி?

பாலக்கோடு பயணி:
ஜூலை நடுவில் நானும் வீட்டுக்காரரும் கிர்கிஸ்தான் போகிறோம். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அங்கே டாக்டருக்குப் படிப்பதால் தலைநகர் பிஷ்கெக் பற்றி விசாரிக்க ஆள் இருக்கு. சொங்கோல் ஏரிக்கரையில் ஆடு, குதிரை மேய்ப்பவர்களோட கம்பளிக் கூடாரத்தில் மூணு நாள் தங்கணும். இருவரும் சைவம். குதிரை ஏறிப் பழக்கமில்லை. சொல்லுங்க.

ஓசூர் மலைவழி:
மாதம் சரிதாங்க. மந்தைகள் ஜூனில் மேலே ஏறி, செப்டம்பரில் இறங்கிவிடும். ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கு, ஊட்டியைவிட எழுநூறு மீட்டருக்கு மேல் அதிகம். பிஷ்கெக்கோ 800 மீட்டர்தான். ஒரே நாளில் ஏறினால் ராத்திரி தலைவலி, வாந்தி பிடிக்கும். முதல் இரவு வழியிலுள்ள கொச்கோர் ஊரில் (சுமார் 1,800 மீட்டர்) படுங்கள். பிஷ்கெக்கிலிருந்து ஷேர் டாக்சியில் 3 முதல் 4 மணி நேரம். பணத்தைக் கொச்கோரிலேயே எடுத்து, சின்ன சோம் (அந்த நாட்டுப் பணம்) நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது. குதிரை, வழிகாட்டி, கூடாரம் மூன்றையும் கொச்கோரிலேயே பேசலாம். வழிகாட்டியோட குதிரைக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தகராறு வருவது அங்கேதான்.

மத்தூர் லாடம்:
கிசார்ட் கிராமத்திலிருந்து குதிரையில் ஏறி, வழியில் கிலெம்சே மேய்ச்சல் நிலத்தில் ஒரு இரவு தங்கிப் போவது பழக்கமில்லாதவருக்கு நல்லது. முதல் நாள் 4 மணி நேரத்துக்கு மேல் சவாரி வேண்டாம்.

இடப்பக்கமாக ஏறுங்கள். அங்கவடியில் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) முன்பாதம் மட்டும் இருக்கட்டும், குதிகால் கீழே. காலை முழுசாக நுழைத்தால், விழும்போது மாட்டி இழுபடுவீர்கள். சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். அரை மணி கழித்து வயிற்று வார் தளர்ந்துவிடும், நிறுத்தி இறுக்கச் சொல்லுங்கள். இதை விட்டால் ஏற்றத்தில் சேணமே சரியும். ஜீன்ஸ் தையல் தொடையை அறுக்கும், தையல் உறுத்தாத பேண்ட் போடுங்கள். ஏற்றத்தில் முன்னே சாயுங்கள், இறக்கத்தில் பின்னே.

அரூர் சோளக்காடு:
சாப்பாட்டில் ஒரு சிக்கல். கறியை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொடுத்தால் அங்கே சைவம் என்று நினைப்பார்கள். "மென் எத் ஜெபெய்ம்" (நான் கறி சாப்பிடுவதில்லை) என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ரொட்டி, காய்மாக் என்கிற பாலாடை, ஜாம், உருளைக்கிழங்கு கிடைக்கும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் வைக்கவே கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் மூத்தவருக்கான இடம், அவர்களாக உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள். குமிஸ் புளித்த குதிரைப்பால், லேசான போதை உண்டு. முதல் நாள் அரைக் கிண்ணம் போதும், அதற்கு மேல் குடித்தால் வயிறு கலங்கும்.

ராத்திரி குளிர் பூஜ்யம் டிகிரி வரை இறங்கலாம். சாண வறட்டி அடுப்பு நடுராத்திரிக்கு அணைந்துவிடும், தெர்மல் உடை, கம்பளிக் குல்லா கட்டாயம். மழை வந்தால் கூடாரத்தின் உச்சித் துவாரத்தை மூடுவார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள், நச்சுப்புகை தங்கும். வெளிக்காற்றில் தணியும் தலைவலி பெரும்பாலும் புகையால் வருவது. தணியாமல் வாந்தியும் சேர்ந்தால் அது உயரத்தால் வருவதாக இருக்கலாம், காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

பாலக்கோடு பயணி:
ரொம்ப நன்றிங்க. அரிசி, பருப்பு கொண்டு போய்ப் பொங்கிக்கலாமா?

ஓசூர் மலைவழி:
வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதிக்கும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வறுத்து அரைத்த ராகி மாவு, அவல் எடுத்துப் போங்கள், சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள். அடுப்பும் வறட்டியும் அவர்களுக்கே அளவாகத்தான் இருக்கும். கொச்கோர் சந்தையில் தக்காளி, வெள்ளரி, பழம் வாங்கிக் கொடுங்கள், மேலே எதுவும் விளையாது.