புது லேப்டாப் வீட்டு வைஃபையில் சேர்கிறது, ஆனால் இணையம் வரவில்லை. ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடுகிறது! (தீர்ந்தது)

மழைக்குருவி:
வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

புது லேப்டாப், விண்டோஸ் 11. வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் தெரிகிறது. பாஸ்வேர்டு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. அரை நிமிஷம் சுற்றிவிட்டு "இணையம் இல்லை" என்று நின்றுவிடுகிறது. கீழே வைஃபை குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூகோள உருண்டை. சிக்னல் முழுசாக இருக்கிறது, ரவுட்டர் அதே அறையில்தான், கைக்கெட்டும் தூரம்.

வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் இணையம் வருகிறது. போன்கள், டிவி, என் பழைய லேப்டாப் எதிலும் குறை இல்லை. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் இதே புது லேப்டாப் பறக்கிறது.

ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை எத்தனை முறை என்று கணக்கே இல்லை. நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். டிவியை அணைத்துவிட்டும் பார்த்தேன். விண்டோஸில் பிழை தேடும் கருவி இருக்கிறதே, அது "வைஃபைக்குச் சரியான ஐபி அமைப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு அத்தோடு கைகழுவிவிட்டது. இணைய சேவை நிறுவனத்தை அழைத்தால், "மற்ற கருவிகளில் வருகிறதா? அப்படியானால் லேப்டாப் கோளாறு" என்கிறார்கள். லேப்டாப் வாங்கிய இடத்தில், "ஹாட்ஸ்பாட்டில் வருகிறதா? அப்படியானால் ரவுட்டர் கோளாறு" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் கெடு. கொடுத்துவிடட்டுமா?

அரைகுறை_அனுபவம்:
டிரைவர்தான், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அதிலும் வராவிட்டால் விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடுங்கள்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
கொஞ்சம் பொறுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிற வைஃபை கார்டின் டிரைவர் மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வீட்டு வைஃபையில் சேர்ந்த நிலையில், "இணையம் இல்லை" என்று காட்டும்போதே, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து, கூடவே ஒரு சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாக வரும். அதில் வைஃபை பகுதியில் ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்புக்குக் கிடைத்த ஐபி எண்) என்று இருக்கும் வரி என்ன சொல்கிறது? டீஃபால்ட் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல், அதாவது ரவுட்டரின் எண்) என்ற வரியில் ஏதாவது இருக்கிறதா?

மழைக்குருவி:
ஐபிவி4 முகவரி 169.254.83.17. பக்கத்தில் அடைப்புக்குள் தானாக அமைத்தது என்ற பொருளில் ஏதோ இருக்கிறது. கேட்வே வரி காலி. முழுவதையும் இங்கே ஒட்டியிருக்கிறேன்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
முதலில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள். கருவியின் வன்பொருள் முகவரியெல்லாம் (கருவியோடு பிறந்த அடையாள எண்) பொதுவில் கிடக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது.

அரைகுறை_அனுபவம்:
ஐபி வரவில்லை, அவ்வளவுதானே? கையால் கொடுத்துவிடுங்கள். 192.168.1.5, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) இடத்திலும் அதையே. அஞ்சு நிமிஷ வேலை.

மழைக்குருவி:
அய்யோ, வந்துவிட்டது! கையால் ஐபி கொடுத்ததும் உடனே எல்லாம் திறக்கிறது. நன்றி, நன்றி! மூன்று நாள் தவிப்பு ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
அந்த எண் வேறு எதற்கும் போய்ச் சேரவில்லை என்று பார்த்துவிட்டுத்தானே போட்டீர்கள்?

மழைக்குருவி:
பார்க்கவில்லை. இப்போது புதுக் கூத்து. ராத்திரி அம்மா டிவியைப் போட்டார்கள். அது ஓடத் தொடங்கியதும் லேப்டாப்பில் விட்டு விட்டு வருகிறது. டிவியிலும் படம் நின்று நின்று போகிறது. "உன் புது மிஷினை முதலில் அணை" என்று உத்தரவு. அணைத்ததும் டிவி சரியாகிவிட்டது. அண்ணா, என்னதான் நடக்கிறது?

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
192.168.1.5 உங்கள் டிவியின் எண். நீங்கள் அதை லேப்டாப்புக்குக் கொடுத்த நேரம் டிவி அணைந்திருந்தது, அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. டிவி எழுந்ததும் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர். ரவுட்டர் ஒரு சமயம் இவரிடம் கொடுக்கும், ஒரு சமயம் அவரிடம். கையால் போட்டதை எடுத்துவிட்டு, ஐபி ஒதுக்கீட்டை மறுபடி தானியங்கிக்கே மாற்றிவிடுங்கள்.

இனி 169.254 கதை. வைஃபையில் சேர்வது இரண்டு கட்ட வேலை. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் ரவுட்டர் உள்ளே விடும், அது முதல் கட்டம். அதற்குப் பிறகுதான் லேப்டாப், "எனக்கு ஒரு எண் வேண்டும், யார் தருவீர்கள்?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூவும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற பகுதி, "இந்த எண் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்கும். "சரி, எனக்கே கொடு" என்று லேப்டாப் சொன்னால், "கொடுத்தாச்சு, இத்தனை நேரத்துக்கு உன்னுடையது" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். நான்கு வார்த்தைப் பேச்சு, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

உங்கள் லேப்டாப் கூவுகிறது, பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. அந்த வரிசை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது, அதை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அதாவது பாஸ்வேர்டு சரி. கையால் எண் கொடுத்தபோது ஓடியதே, அதனால் கார்டும் சரி, டிரைவரும் சரி. அந்த வகையில் அரைகுறை நண்பர் நமக்கு ஒரு நல்ல சோதனை செய்து கொடுத்திருக்கிறார்!

மிச்சம் ஒரே கேள்வி. பழைய கருவிகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற ரவுட்டர், புதிதாக வந்தவருக்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

உங்கள் போனை வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், யாராவது மாற்றாமல் இருந்தால். லேன் அல்லது டிஎச்சிபி என்ற பக்கத்தில் தொடக்க முகவரி, இறுதி முகவரி, லீஸ் நேரம் (ஓர் எண் எவ்வளவு நேரத்துக்கு ஒருவருடையது என்ற கெடு) மூன்றையும் சொல்லுங்கள். எண் வாங்கிய கருவிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும். எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

கம்பியில்லாதவன்:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் என் லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை. பக்கத்து வீடுகளுடையது எல்லாம் வருகிறது.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
அது இதே பிரச்சினை இல்லை, தம்பி. உங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13-ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில லேப்டாப்கள் 1 முதல் 11 வரைதான் எட்டிப் பார்க்கும். 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் தனியாகக் கேளுங்கள், இங்கே கலந்தால் இரண்டு பேரும் குழம்புவோம்.

மழைக்குருவி:
உள்ளே போய்விட்டேன். தாளில் இருந்த பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை, தம்பிக்குத் தெரிந்திருந்தது (இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்).

தொடக்க முகவரி 192.168.1.2
இறுதி முகவரி 192.168.1.11
லீஸ் நேரம் 604800

கடைசி எண்ணைப் பார்த்து ஏதோ பாஸ்வேர்டு என்று நினைத்தேன்.

பட்டியலில் சரியாகப் பத்து வரி. என் போன், தம்பி போன், பழைய லேப்டாப், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா. போன வாரக் கடைசியில் வந்து நேற்று முன்தினம் கிளம்பிப் போன அக்காவின் போனும் டேப்லட்டும் இன்னும் இருக்கின்றன! அம்மாவின் போன் மட்டும் இரண்டு முறை இருக்கிறது. அவர்களிடம் இருப்பது ஒரே போன்தான்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
ஆள் பிடிபட்டாச்சு.

2 முதல் 11 வரை எண்ணிப் பாருங்கள், பத்து. உங்கள் ரவுட்டரிடம் கொடுப்பதற்கு இருப்பதே பத்து எண்கள், பத்தும் போய்விட்டன. பதினொன்றாவதாக வந்த உங்கள் லேப்டாப்புக்குச் சொல்ல அதனிடம் பதில் இல்லை.

604800 என்பது விநாடிக் கணக்கு. 86400 ஒரு நாள், அதை ஏழால் பெருக்குங்கள். ஒரு முறை கொடுத்த எண்ணை ஏழு நாளைக்கு ரவுட்டர் வேறு யாருக்கும் தராது, அந்தக் கருவி ஊரைவிட்டே போயிருந்தாலும். அக்கா கிளம்பியாச்சு, அவர் பிடித்த இரண்டு இடம் இன்னும் காலியாகவில்லை. டிவியை அணைத்துப் பார்த்தும் பலனில்லாமல் போனது இதனால்தான். அணைத்தால் எண் திரும்பி வராது, கெடு முடிந்தால்தான் வரும். ரவுட்டரை அணைத்தால் சில மாடல்களில் இந்தப் பதிவேடு அழிந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். உங்களுடையது எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ரகம் போலிருக்கிறது.

அம்மா போனைச் சமீபத்தில் முழுதாக அழித்து ரீசெட் செய்தீர்களா?

மழைக்குருவி:
ஆமாம்! போன திங்கள்கிழமை. எப்படித் தெரிந்தது?!

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியை வைஃபைக்குக் காட்டுவதில்லை. யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் முகவரி வைத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ரீசெட் செய்தால் புதுப் பொய் முகவரி. ரவுட்டரின் கண்ணுக்கு அது வேறொரு போன், ஆகவே இன்னோர் எண். விண்டோஸிலும் இப்படி ஒரு வசதி உண்டு. அதில் "தினமும் மாற்று" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் லேப்டாப் ஒன்றே ஒரு வாரத்தில் ஏழு எண்களை விழுங்கிவிடும். அது அணைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறுதி முகவரியை 192.168.1.200 ஆக்குங்கள், 199 எண்கள் கிடைக்கும். லீஸ் நேரத்தை 86400 ஆக்குங்கள். சேமியுங்கள். அப்புறம் லேப்டாப்பில் ஐபி ஒதுக்கீடு தானியங்கியில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வைஃபையைத் துண்டித்துச் சேருங்கள்.

மழைக்குருவி:
வந்துவிட்டது!! ஐபிகான்ஃபிக் போட்டுப் பார்த்தேன், 192.168.1.12. பழைய எல்லையிலிருந்து ஒரே ஒரு எண் தள்ளி. டிவியும் ஓடுகிறது, லேப்டாப்பும் ஓடுகிறது, அம்மா இந்தப் பக்கமே திரும்பவில்லை.

இப்போது தம்பி கதை. போன வருஷம் யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம் வந்ததாம். எங்கோ ஒரு வீடியோ பார்த்து, வீட்டுக் கருவிகளை எண்ணி, கூட மூன்று சேர்த்து, பத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறான். அதோடு ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறான். மூன்று நாளாக நான் படுகிற பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன், கேட்டால் "மறந்துட்டேன்" என்கிறான்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
தம்பியைத் திட்ட வேண்டாம், ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றியது நல்ல காரியம்தான். எண்களைக் குறைத்ததில்தான் பயனில்லை. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர், நேற்று நீங்கள் செய்தது போலக் கையால் ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். பூட்ட வேண்டியது வைஃபை பாஸ்வேர்டைத்தான். அதை மாற்றினால் கேமரா, பிரிண்டர் உட்பட எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டியிருக்கும், அந்த வேலையைத் தம்பியிடமே கொடுங்கள்.

அரைகுறை_அனுபவம்:
டிவி விஷயத்துக்கு அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஒரு சந்தேகம், அண்ணா. கையால் ஐபி போடவே கூடாதா? என் பிரிண்டருக்கு அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:
போடலாம், ரவுட்டர் பங்குவைக்கும் வரிசைக்கு வெளியே போடுங்கள். 2 முதல் 200 வரை அது கொடுக்கிறது என்றால் நீங்கள் 201-க்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள், 254 வரை போகலாம். இதைவிட நல்ல வழி, பிரிண்டரைத் தானியங்கியில் விட்டுவிட்டு, ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அதற்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பது. அப்போது கணக்கு முழுக்க ஒரே இடத்தில் இருக்கும்.

கம்பியில்லாதவன்:
சேனல் 13-இல்தான் இருந்தது. 6-க்கு மாற்றினேன், பெயர் வந்துவிட்டது. நன்றி அண்ணா, தனியாகக் கேட்க வேண்டிய வேலை மிச்சம்.

மழைக்குருவி:
தலைப்பில் "தீர்ந்தது" சேர்த்துவிட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம்பி இப்போது ஸ்டூல் மேல் ஏறி வாசல் கேமராவுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருக்கிறான்.