கள்வனுக்கு விலகலா, கவசமா: சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் விதிகளைத் தமிழில் எழுதிவரும் எங்கள் நாகர்கோவில் குழு ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளில் ‘ஆர்மர் கிளாஸ்’ என்று ஓர் எண் உண்டு; ஒருவர் மேல் அடி படவைப்பது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டும். குழுவில் சிலர் அதைக் ‘கவச வகுப்பு’ என்று எழுதிவிட்டார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. போர்வீரன், மந்திரவாதி, கள்வன் போன்ற பாத்திர வகைகள்தான் அங்கே வகுப்புகள். ஓர் எண்ணுக்கும் அதே பெயரைச் சூட்டினால் புதிதாக ஆட வருபவர் திணறிப்போவார்.

தவிர, அந்த எண்ணுக்குள் கவசம் மட்டும் இல்லை. 2014 பதிப்பின்படி, ஆணி பதித்த தோல்கவசத்துக்கு 12. அதோடு சுறுசுறுப்புக்கான கூடுதலும் சேரும். சுறுசுறுப்பு 20 உள்ள கள்வனுக்கு அது 5, ஆக மொத்தம் 17. உடல் முழுக்க இரும்புத் தகடு பூண்ட வீரனுக்கு 18; அவனுக்குச் சுறுசுறுப்பால் ஒன்றும் கூடாது. ஒருவன் அடிக்கு விலகுகிறான், மற்றவன் வாங்கித் தாங்குகிறான். தாளில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்! இந்த மொத்தத்துக்குக் ‘காப்பெண்’ போதும் என்பது என் கருத்து.

உள்ளே இருக்கும் இரண்டுக்கும்தான் தனிச்சொற்கள் வேண்டும். அடி படுமா என்பது ஒரு கேள்வி, பட்ட அடி எவ்வளவு வலிக்கும் என்பது வேறு கேள்வி. கணினி விளையாட்டுகள் பலவும் இவற்றைத் தனித்தனியாகவே கணக்கிடுகின்றன. விலகும் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 60 ஆனால், வாங்கும் அடி சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 80 என்பது 90 ஆனால் பாதியாகிறது. ஏற ஏறத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ஒருமுறை தவறினாலும் முழு அடியும் இறங்கும், கள்வனின் உயிர்ப்புள்ளிகளோ வீரனுடையதைவிடக் குறைவு. கவசம் அப்படிக் கைவிடுவதில்லை, முழுதாகக் காப்பதும் இல்லை.

ஆங்கிலப் பெயரை நம்பியும் பயனில்லை. கள்வன் 5ஆம் நிலையில் பெறும் ‘அன்கேனி டாட்ஜ்’ பெயரில்தான் விலகல். அது செய்வதோ பட்ட அடியைப் பாதியாக்குவது.

களரியில் அடிக்குத் தப்பும் அசைவை ‘ஒழிவு’ என்பார்கள். அதை விலகலுக்கும், ‘தாங்கு’ என்பதைக் கவசத்துக்கும் முன்மொழிகிறேன். பின்னாலிருந்து பாயும் கள்வனின் திடீர்த் தாக்குதலுக்கு ‘வர்ம அடி’ என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். குமரி மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

*

ஐயா, வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன்.

காப்பெண் நன்று, வர்ம அடி மிக நன்று. ‘ஒழிவு’ மட்டும் வேண்டாம். கள்வனின் முதல் தொழிலே ஒளிவது. கல்குளம், விளவங்கோடு பக்கம் ழகரம் நாவில் நிற்கும். மாவட்ட எல்லையில் உள்ள ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் பலர் வாயில் ஒழிவும் ஒளிவும் ஒன்றுதான். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுப் பேசி ஆடும் ஆட்டம். “நான் ஒளிகிறேன்” என்று ஒருவர் சொன்னதும் ஆட்டம் நடத்துபவர் எந்தப் பகடையை உருட்டச் சொல்வார்?

வெறும் ‘விலகல்’ என்பதும் சரிவராது. இலங்கைப் பாடநூல்களில் நியமவிலகல் என்று புள்ளியியலில் அது குடியேறிவிட்டது, பகடையைப் பேசும்போது அதுவும் குறுக்கே வரும். ‘விலகுதிறன்’, ‘தாங்குதிறன்’ என்று இணையாக வைத்தால் கேட்டவுடன் வேறுபாடு புரியும். நீங்கள் காட்டிய 5ஆம் நிலைத் திறமையைத் தயங்காமல் தாங்குதிறனில் சேருங்கள், ஆங்கிலம் என்ன சொன்னாலும்.

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கள்வர்களின் துணை என்று எட்டை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. கவசத்தைக் காணோம்! பொய் சொல்ல வந்தவன்தான், ஆனாலும் தொழில் தெரிந்தவன்.

கேடயத்தை எதில் சேர்ப்பீர்கள்?

*

ஒழிவை விட மனமில்லை, ஆனால் மேசையில் காதுதான் நீதிபதி. விலகுதிறன், தாங்குதிறன் என்றே அச்சிடுகிறோம். கேடயம் இரண்டிலும் சேராது. ‘தடுப்பு’ என்று மூன்றாவது கட்டம் போடுகிறேன். கேடயப் பயிற்சி இல்லாத கள்வனின் தாளில் அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.