பள்ளிப் பஸ் டீசல் புகை: பதிவில் 2011 என்றிருக்கும் பஸ்ஸை மாற்றிப் புது பஸ் வாங்க மானியம் கேட்க முடியுமா?

நிலாஅம்மா (நவம்பர் 2023)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில் நகரத்திலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊர். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு வீசிங் உண்டு. பள்ளிக்குப் பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து இறங்கும்போதே இருமிக்கொண்டு வருகிறாள். ஸ்வெட்டரைக் கழற்றி முகர்ந்தால் டீசல் வாடை. பின்னால்தான் புகை அதிகம் என்று நினைத்து முன் சீட்டுக்கு மாற்றச் சொன்னேன். முன்னால் இன்னும் மோசம் என்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் 'குப்'பென்று அடிக்கிறதாம்.

பள்ளி மாவட்டத்தின் போக்குவரத்து மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். மொத்தம் 11 பஸ். நான்கு ரொம்பப் பழையவை, 2004 முதல் 2006 வரை. மூன்றுக்குப் பதிவில் வருடம் 2011. மற்ற நான்கும் புதியவை. பழைய பஸ்ஸை ஒழித்துப் புதியது வாங்க மத்திய அரசு 'கிளீன் ஸ்கூல் பஸ்' என்று ஒரு மானியம் தருகிறதாம், அதற்கு 2010 அல்லது அதற்கு முந்தைய டீசல் இன்ஜின் உள்ள பஸ்ஸைத்தான் காட்ட முடியும், அதனால் நான்குக்கு மட்டும்தான் கேட்க முடியும் என்றார். அந்த மூன்றும்தான் தினமும் நீளமான வழித்தடங்களில் ஓடுகின்றன.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அந்த மூன்றுக்கும் வழி உண்டா? முன் சீட்டில் ஏன் வாடை? மானியம் வந்து புது பஸ் வரும்வரை பிள்ளைகள் இதையேதான் சுவாசிக்க வேண்டுமா?

கடைசிபெஞ்ச்

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா. ஒன்று மட்டும் சொல்கிறேன். மாலை பள்ளி விடும் நேரத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

டீசல்கை

வணக்கம்மா. இருபது வருடமாகப் பஸ், லாரி டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறேன். முதலில் வாடைக்கு வருகிறேன்.

உங்கள் மகள் சொல்வது சரி. புகைக்குழாய் பின்னால் இருக்கிறது, ஆனால் புகை வெளியேறும் வழி அது ஒன்று மட்டுமல்ல. இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டிக்குள், கசியும். 'புளோபை' என்போம். பழைய டர்போ டீசல் இன்ஜின்களில் இதை வெளியே விட ஒரு குழாய் இருக்கும். பானட்டுக்குக் கீழே, தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். வடிகட்டி எதுவும் கிடையாது. 2007 இன்ஜின்களிலிருந்துதான் அந்தக் கசிவையும் மாசுக் கணக்கில் சேர்த்தார்கள். இன்ஜின் முன்னால் இருக்கும் பஸ்ஸில் அந்தக் குழாய் ஏறும் கதவுக்குப் பக்கத்தில்தான் வரும். நிறுத்தத்தில் கதவு திறந்தால் அந்த எண்ணெய்ப் புகை நேராக உள்ளே. அதனால்தான் முன் சீட்டில் 'குப்'பென்று அடிக்கிறது. அவள் போவது பழைய நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மூடிய கிராங்க்கேஸ் வடிகட்டி என்று ஒரு கிட் உண்டு. கசிவை வடிகட்டி, எண்ணெயைக் கீழே இறக்கி, மிச்சக் காற்றை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பிவிடும். புது பஸ் விலையோடு பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை. வடிகட்டியை மட்டும் ஒழுங்காக மாற்ற வேண்டும், மறந்தால் அடைத்துக்கொள்ளும்.

புகைக்குழாய்ப் பக்கம் இரண்டு வழி. புகையை வேதிமுறையில் கொஞ்சம் சுத்தம் செய்யும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் மலிவு, எந்தப் பஸ்ஸிலும் போடலாம், ஆனால் கரித்துகளில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். டிபிஎஃப் என்கிற துகள் வடிகட்டி 85 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். அது பிடித்த கரியை எரிக்கப் புகை நன்றாகச் சூடாக வேண்டும். நின்று நின்று போகும் வழித்தடத்தில் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்து வண்டி நடுவழியில் நிற்கும். போடுவதற்கு முன் சில நாள் புகையின் வெப்பத்தைப் பதிவு செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

படிவக்காரி

அக்கா, நான் வேறொரு பள்ளி மாவட்டத்தில் மானிய விண்ணப்பங்கள் பார்க்கிறேன். அந்த மூன்று பஸ் விஷயத்தில் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

மேற்பார்வையாளர் சொன்னது *இன்ஜினின்* மாடல் வருடம், விதியிலும் அப்படித்தானா என்று வழிகாட்டியில் ஒருமுறை உறுதி செய்யச் சொல்லுங்கள். பதிவு அட்டையில் இருப்பது பஸ்ஸின் மாடல் வருடம். இரண்டும் ஒன்றல்ல. பஸ் கட்டும் கம்பெனி முந்தைய வருட இன்ஜினைப் பொருத்தி அடுத்த வருட மாடலாக விற்பது சாதாரணம். பதிவில் 2011 என்று இருந்தாலும் உள்ளே 2010 இன்ஜின் இருக்கலாம். இன்ஜின் மேலேயே மாசுக் கட்டுப்பாட்டு லேபிள் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் வால்வு கவர் மேல். அதில் எந்த மாடல் வருடத்து விதிக்கு உட்பட்ட இன்ஜின் என்று எழுதியிருக்கும். எண்ணெயும் தூசியும் படிந்து கறுப்பாக இருந்தால் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய நான்கில் ஏதாவது ஒன்று மாற்று வண்டியாகச் சும்மா நிற்கிறதா? சராசரியாக வாரம் மூன்று நாளாவது பிள்ளைகளை ஏற்றிய பஸ்ஸாக இருக்க வேண்டும், ஓடும் நிலையில் இருக்க வேண்டும். கொட்டகையில் நிற்கும் பஸ்ஸைக் கணக்கில் காட்ட முடியாது.

இந்தத் திட்டம் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் வந்தது. ஐந்து வருடத்துக்கு 500 கோடி டாலர், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்துகிறது. இப்போது, 2023இல், திறந்திருக்கும் சுற்றில் குறைந்தது 50 கோடி டாலர். பெரிய மின் பஸ்ஸுக்கு, சார்ஜரும் சேர்த்து, முன்னுரிமை மாவட்டங்களுக்கு 3,45,000 டாலர் வரை, மற்றவர்களுக்கு 2,00,000 வரை. உங்கள் ஊர் நகரத்திலிருந்து தள்ளியிருப்பதால் முன்னுரிமைப் பட்டியலில் வர வாய்ப்பு உண்டு, அந்தப் பட்டியலைப் பாருங்கள். தேர்வு குலுக்கல் முறையில். நீங்கள் எழுதும் கட்டுரையைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, படிவம் சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கடைசி நாள் 2024 ஜனவரி 31.

இன்றைக்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: பள்ளி மாவட்டத்தின் சாம் பதிவு உயிரோடு இருக்கிறதா? மத்திய அரசுப் பணம் வாங்குபவர்களுக்கான பதிவு அது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். காலாவதியானால் விண்ணப்பத் தளத்துக்குள்ளேயே நுழைய முடியாது, புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். புதுப்பித்துத் தருகிறோம், காசு கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். அது முழுக்க இலவசம்.

இன்னொன்று, தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன் புது பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்கவும் கூடாது, பழையதை உடைக்கவும் கூடாது. ஆர்வக்கோளாறில் இப்படிச் செய்தால் பணம் போய்விடும்.

கடைசிபெஞ்ச்

உடைப்பது என்றால் என்ன? விற்கக் கூடாதா?

டீசல்கை

கூடாது தம்பி. விற்றால் அதே பஸ் வேறு ஊரில் வேறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே புகையை விடும். இன்ஜின் பிளாக்கில் மூன்று அங்குல ஓட்டை போட வேண்டும், சேஸிஸ் ஃபிரேமை இரண்டு பக்கமும் முழுசாக அறுக்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் ஒன்றைச் செய்திருக்கிறேன். பதினெட்டு வருடம் ஓடிய இன்ஜின், ஓட்டை விழுந்ததும் கறுப்பு எண்ணெய் கசிந்து கீழே வைத்த தட்டில் இறங்கியது. என் கையால் பலமுறை பழுது பார்த்த வண்டி, மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விதி நல்ல விதி.

வெண்பனி

எங்கள் ஊரில் பஸ் எல்லாம் ஒப்பந்தக்காரருடையவை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

படிவக்காரி

உண்டு. இந்தச் சுற்றில் தனியார் பஸ் வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பள்ளி மாவட்டத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும். வோக்ஸ்வாகன் டீசல் மோசடி வழக்கில் உருவான நிதியிலிருந்தும் உங்கள் மாநிலம் பள்ளிப் பஸ்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 2009 அல்லது அதற்கு முந்தைய இன்ஜின் வேண்டும். அரசுக்குச் சொந்தமான பஸ் என்றால் முழுச் செலவும் வரை, தனியாருடையது என்றால் புது மின் பஸ் விலையில் 75 சதவீதம் வரை, புது டீசலுக்கு 25 சதவீதம் வரை கொடுக்க இடமுண்டு. டீசல் புகையைக் குறைக்க 2005 சட்டத்தில் வந்த மத்திய அரசு நிதிக்கு டெரா என்று பெயர், அதில் ஒரு பகுதியும் மாநிலங்களுக்குப் போகிறது. டீசல்கை அண்ணன் சொன்ன வடிகட்டிகளுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

நிலாஅம்மா அக்கா, பள்ளி வாரியம் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். டெரா பஸ் மானியத்தையும் முன்பு குலுக்கலில்தான் கொடுத்தார்கள். அதனால் கிடைத்த மாவட்டங்களையும் கிடைக்காதவற்றையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். மிகப் பழைய பஸ்களை மாற்றிய இடங்களில் பிள்ளைகளின் வருகை நன்றாகக் கூடியிருந்தது.

நிலாஅம்மா (டிசம்பர் 2023)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மேற்பார்வையாளரும் நானும் கொட்டகையில் மூன்று பஸ்ஸையும் திறந்து பார்த்தோம். லேபிளைத் துடைத்துத் துடைத்து என் கைக்குட்டை கரியாகிவிட்டது. இரண்டு பஸ்ஸில் 2010. ஒன்றில் மட்டும் 2011. அவர் அந்த இடத்திலேயே நின்று இரண்டு தடவை படித்துப் பார்த்தார். படிவக்காரி சொன்ன மாதிரியே பழைய நான்கில் ஒன்று மாற்று வண்டி, அதை எடுத்துவிட்டோம். ஆகமொத்தம் ஐந்து பஸ்ஸுக்கு விண்ணப்பம். சாம் பதிவு அக்டோபரிலேயே காலாவதியாகியிருந்தது! புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை.

மாலையில் பள்ளி வாசலில் நின்று மணி பார்த்தேன். ஏழு பஸ், முட்டிக்கொண்டு ஒரே வரிசை, 22 நிமிடம் இன்ஜின் ஓடியது. முன் பஸ்ஸின் புகைக்குழாய் பின் பஸ்ஸின் கதவுக்கு எதிரே. குறித்து வைத்ததைக் காட்டினேன். குளிர், ஹீட்டர் வேண்டும் என்றார்கள் ஓட்டுநர்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். இப்போது மணி அடிக்கும்வரை ஓட்டுநர்கள் பள்ளிக்குள் உட்காருகிறார்கள், பஸ்களைச் சாய்வாக நிறுத்துகிறார்கள்.

கிராங்க்கேஸ் கிட் இரண்டு பஸ்ஸுக்கு வாங்க ஒப்புக்கொண்டார்கள். மகள் போகும் பஸ்ஸில் போன வாரம் போட்டாயிற்று. நேற்று ஸ்வெட்டரை முகர்ந்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, டாக்டரிடம் காட்டப் போகிறோம்.

டீசல்கை அண்ணா, அந்த வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

டீசல்கை

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும் என்று கிட்டோடு வந்த தாளில் போட்டிருக்கும், அதையே பின்பற்றச் சொல்லுங்கள். பழைய இன்ஜினில் கசிவு அதிகம், அதனால் முதல் தடவை பாதி நேரத்திலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கம்மா.