யாழ்ப்பாணச் சிறுகதைகளில் செல்வமும் வறுமையும்: பணமா, பிறப்பா?

நல்லூர் வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் கடந்த கிழமை நியூசிலாந்து எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்ட் 1922இல் வெளியிட்ட ‘தோட்ட விருந்து’ கதையைப் படித்தோம். செல்வர் வீட்டில் விருந்துக்கான ஆயத்தம் நடக்கும்போது, அருகிலுள்ள சிறு வீடொன்றின் வண்டிக்காரர் விபத்தில் இறந்த செய்தி வருகிறது, விருந்து நிறுத்தப்படவில்லை, மிஞ்சிய பலகாரங்களைக் கூடையிலிட்டு, தாய் தன் மகள் லோராவை அந்த வீட்டுக்கு அனுப்புகிறார். அக்கதையில் கொடியவர் என்று எவருமில்லை. எங்கள் முற்போக்குக் கதைகள் பலவற்றிலோ முதலாளியைக் கண்டவுடனேயே அவர் கெட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து ஏற்றத்தாழ்வைச் சொல்ல இந்த முறை போதுமா?

கோண்டாவில் ஆசிரியர்:
தங்களுடைய குறை ஓரளவு நியாயமானது. ஆயினும் அக்கதைகளை எழுதியவர்கள் எங்கிருந்து எழுதினார்கள் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும். டொமினிக் ஜீவா சலூன் தொழில் செய்துகொண்டே எழுதியவர். 1966இல் ‘மல்லிகை’ இலக்கிய இதழைத் தொடங்கியவர். ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தேநீர்க்கடைக்குள் இருக்க இடம் மறுக்கப்பட்ட, 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் செல்ல முயன்ற அவர்கள் வாசலில் அடிவாங்கிய காலத்தில், அடங்கிய குரலில் எழுதுமாறு எவரிடமும் கேட்க முடியாது.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. மான்ஸ்ஃபீல்டின் வண்டிக்காரருடைய மகன் பணம் தேடினால் மேட்டில் ஒரு வீடு வாங்கிக் குடியேறலாம். எங்கள் ஊரில் பணம் வந்தாலும், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கெனத் தேநீர்க்கடையில் தனியாக வைத்த பேணி, அதாவது குவளை, மாறவில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை என்பதால் தோட்டமும் வீடும் கிணற்றை நம்பியே இருந்தன, கிணறோ காணிக்காரருடையது. குடத்தோடு வந்த பெண் தானே அள்ள முடியாமல், எவராவது அள்ளி ஊற்றும்வரை ஒதுங்கி நிற்கும் ஒரு காட்சியே வறுமையையும் சாதியையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதற்குப் பின்னர், கெட்டவர் என்று காட்டக் காணிக்காரருக்கு முறுக்கு மீசை வைக்கத் தேவையில்லை. அந்த மீசையில்தான் பல கதைகள் கெட்டுப்போயின.

பருத்தித்துறை நண்பர்:
ஆசிரியர் ஐயா கூறியது பழைய யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும். போர்க்காலத்துக்குப் பின்னர், ஒரே ஒழுங்கையில், ஒரே சாதிக்குள், வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடு, இல்லாத வீடு என்ற புதிய பிளவு உண்டாகியிருக்கிறது. முதல் வீட்டுக்கு மாடியும் உயர்ந்த மதிலும் வந்துவிட்டன. கோயில் திருவிழா உபயமும் அங்கே போய்விட்டது. அடுத்த வீட்டில், சீதனம் சேராததால் பெண்ணின் கலியாணம் தள்ளிப்போகிறது. இரண்டு வீட்டாரும் ஒரே வேலியில் நின்று அன்பாகவே கதைக்கிறார்கள். எங்கள் எழுத்தாளர்கள் போரை எழுதிய அளவுக்கு இதை எழுதவில்லை என்பது என் மனக்குறை.

நல்லூர் வாசகி:
இருவருக்கும் நன்றி. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மான்ஸ்ஃபீல்டின் கதையை நாம் பெரும்பாலும் லோராவின் கண்ணால்தான் காண்கிறோம். அந்நியப் பெண்ணொருத்தி ஏன் கூடையோடு தன் அடுப்படியில் வந்து நிற்கிறாள் என்று விளங்காமல் பார்க்கும் விதவையின் மனதுக்குள் கதை நெடுநேரம் தங்குவதில்லை. ஜீவாவும், சாதிக்கொடுமையை எழுதிய கே. டானியலும் எழுதத் தொடங்கியது அந்த அடுப்படியில் இருந்தவர்களின் பக்கத்திலிருந்துதான். முறுக்கு மீசையை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த கூட்டத்தில் ஜீவாவின் கதையொன்றை எடுக்கிறோம். வேலியடிக் கதையைப் பருத்தித்துறை நண்பரே எழுதிக்கொண்டு வரலாம்.