பழைய தொடர்கதை பைண்டிங், வருஷம் தெரியாத நூல்கள்: விற்கும் முன் என்ன பார்க்கணும்?

ஏட்டுச்சுரைக்காய்:
எடைக்கு வாங்கிய ரெண்டு மூட்டை. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்ட் பண்ணிய வால்யூம்கள், அதில் 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வனும் இருக்கு. மீதி சின்ன நூல்கள், பலதில் ஆங்கில வருஷமே இல்லை. அட்டை கழன்றதைப் புதுசா பைண்ட் பண்ணினால் கூடுதல் விலை போகுமா?

வாசகன்72:
பைண்டரிடம் கொடுக்கவே கொடுக்காதீங்க. முதல் பைண்டிங்கிலேயே ஓரம் வெட்டுப்பட்ட தாள் அது. இன்னொரு தடவை மெஷினில் வைத்தால் ஓவியமும் வெட்டுப்படும். கதை 1999-லேயே நாட்டுடைமை, மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்குது. வாங்குறவர் காசு கொடுப்பது முதல் தடவை வந்தப்போ ஓவியர் மணியம் வரைந்த படத்துக்குத்தான். ஆனால் 'கல்கி' இதே தொடரைப் பிற்பாடு வேறு ஓவியர்களை வைத்து மறுபடியும் போட்டது. அதனால் படத்தில் கையெழுத்தைப் பாருங்க, தாளின் பின்பக்க விளம்பரத்தில் அணாக் கணக்கு இருக்கான்னும் பாருங்க. இருந்தால் 1950-54 முதல் வெளியீடுன்னு நம்பலாம். அப்புறம் அத்தியாயம் எண்ணுங்க: பாக வரிசையில் 57, 53, 46, 46, 91.

பழுப்புத்தாள்:
நூல்களுக்கு விலைதான் துப்பு. 2-8-0 மாதிரி (ரூபாய்-அணா-பைசா) இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, 'ந.பை.' (நயா பைசா) என்றால் 1957-64. தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் அறுபது வருஷக் குழப்பம் வரும்: பிரபவ என்பது 1927-ம் ஆகலாம், 1987-ம் ஆகலாம். தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை', 'னை' அச்சை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறமும் சில அச்சகங்கள் அதையே ஓட்டின. தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த தாள் கிழிந்திருந்தால் சந்தேகப்படுங்க. 'இரண்டாம் பதிப்பு' என்ற வரி அதில்தான் இருக்கும்.

தூசிதட்டி:
செல்லோ டேப் ஒட்டாதீங்க, பசை ஊறித் தாள் பழுப்பாகிடும். பூச்சி இருந்தால் வெயிலில் போடாமல், காற்றுப் புகாத கவரில் கட்டி ஃப்ரீசரில் ரெண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துத்தான் கவரைப் பிரிக்கணும், இல்லாட்டி தாளில் ஈரம் கோத்துக்கும். போட்டோவில் மோசமான பக்கத்தையும் காட்டுங்க. தபாலில் பதிவுப் புத்தகச் சலுகை 2024 டிசம்பரில் நின்னுபோச்சு, எடை போட்டுப் பார்த்த பிறகு விலை சொல்லுங்க.

ஏட்டுச்சுரைக்காய்:
எண்ணியாச்சு. ரெண்டாம் பாகத்தில் 49 அத்தியாயம்தான் இருக்கு.

வாசகன்72:
எந்த நாலு இல்லைன்னு எண் போட்டே விளம்பரம் கொடுங்க. ஜெராக்ஸ் சேர்த்து முழுசுன்னு விற்றால் திரும்பி வரும். உதிரித் தாள் கிடந்தால் தனியா வையுங்க, அந்த அத்தியாயம் இல்லாதவங்க தேடி வாங்குவாங்க.