ட்ரெய்லருக்குத் தனித்தனி சஸ்பென்ஷன்: என் ஸ்பிரிங் கணக்கு சரியா?

வணக்கம். அம்பத்தூரில் நண்பரின் பட்டறையில், பொலேரோவுக்குப் பின்னால் இழுக்க ஒரு சின்ன ட்ரெய்லர் கட்டிக்கொண்டிருக்கிறேன். சாமானோடு 600 கிலோ வரும். ஒரே ஆக்சிலில் லீஃப் ஸ்பிரிங் பட்டை போட்டு முடி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கரடுமுரடான பாதையில் நடு ஆக்சில் கல்லில் இடிக்கும், ஒரு சக்கரம் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும். அதனால் இரண்டு பக்கமும் தனித்தனி ட்ரெயிலிங் ஆர்ம் (முன்முனை சட்டத்தில் கீல்போல் திரும்ப, பின்முனையில் சக்கரத்தைத் தாங்கும் கை).

ஆர்ம் திரும்பும் புஷ்ஷிலிருந்து சக்கர மையம் 500 மி.மீ., ஸ்பிரிங் உட்காரும் இடம் 300 மி.மீ. புதுப்பேட்டையில் வாங்கிய ஏதோ சின்ன காரின் ஸ்பிரிங்கை மாட்டி, பக்கத்துக்கு நாலு மூட்டை சிமென்ட் ஏற்றினேன். சுருளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துவிட்டது! அப்புறம்தான் கணக்கே போட்டேன் (வழக்கம்போல). சக்கரத்தில் 300 கிலோ என்றால் ஸ்பிரிங்கில் 500 கிலோ. சக்கரம் 75 மி.மீ. மேலேற, ஸ்பிரிங் 45 மி.மீ. அமுங்கும். ஆக ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்குச் சுமார் 11 கிலோ. சரிதானே? காலியாக இழுத்தால் துள்ளுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

சென்னையில் இரண்டே இரண்டு ஸ்பிரிங் மட்டும் கேட்டாலும் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்களா?

இன்னொன்று, இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. டாக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டு) அடித்தபோது நேராக இருந்த இடது ஆர்ம், முழு வெல்டுக்குப் பிறகு இழுத்துக்கொண்டது. சக்கரத்தின் முன்பக்கம் 6 மி.மீ. உள்ளே வந்திருக்கிறது. சூடு காட்டி நிமிர்த்தலாமா, வெட்டி மறுபடி அடிப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.